இரண்டாவது பெயர்

அலுவலகத்தில் அவனுக்கு நகல் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வந்து போகும். மற்றபடி மேனேஜரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவன் நகல்தான். சும்மா வைக்கவில்லை அந்தப் பெயரை. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற வேலையிலேயே பாதி ஆயுளை ஓட்டிவிட்ட மனிதன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் தன் வேலை இருக்கிற ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். ‘கடைசி’ என்று ஒரு ஃபோல்டர். ‘கடைசிக்கு அப்புறம்’ என்று ஒன்று. ‘இதுதான் கடைசி’ என்று ஒன்று. ‘நிஜமாவே கடைசி’ என்று ஒன்று. இதெல்லாம் போதாதென்று பையில் ஒரு பென் டிரைவ் வேறு.

இந்தக் கூத்துக்கெல்லாம் தேவையே இல்லாமல்தான் கிட் என்று ஒரு சாதனம் இருக்கிறது. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். கமிட் மேல் கமிட்டாக அடுக்கினால் அதுதான் அந்த நிரலின் சரித்திரம். வேண்டுமென்றால் போன வருஷத்துக்கே திரும்பிப் போகலாம். நகலுக்கு அதில் மூன்றே கட்டளைகள் தெரியும்: எடுக்க, போட, அனுப்ப. நான்காவது ஒன்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, கூட வேலை செய்கிற நாலு பேருடைய உழைப்பைக் காணாமல் அடித்துவிட்டான். அதிலிருந்து கட்டளை தட்டுகிற அந்தக் கறுப்புத் திரையைத் தேவைக்கு மேல் ஒரு நொடிகூடத் திறந்து வைக்க மாட்டான்.

சிரிக்காதீர்கள். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அவனுக்கு அது தெரியாமலேயே வண்டி ஓடியதற்குக் காரணம் அவன் மனைவி. அதே கம்பெனி, அதே குழு, அவனுக்கு இரண்டு படி மேலே. அவளை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தி வைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் கிட் கையை விரித்துவிடும்போது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுவார்கள். “எங்க வலிக்குது?” என்று கேட்டுக்கொண்டே உட்காருவாள். தாறுமாறாகக் கிடக்கிற சரித்திரத்தை அரை மணியில் சீராக்கித் தருவாள். உளறலாகப் போட்ட கமிட்டுகளை ஒன்றாக்குவாள், இடம் மாறி விழுந்ததை உருவி உரிய இடத்தில் வைப்பாள், போயே போச்சு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவனுக்கு எங்கிருந்தோ தோண்டி எடுத்துக் கொடுப்பாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. நகலுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. “எனக்கு எதுக்குப்பா அந்த வம்பெல்லாம், அதான் வீட்லயே டாக்டர் இருக்கே” என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

அவர்கள் எழுதியது ராக்கெட் விடுகிற நிரல் ஒன்றும் இல்லை. தனியாக வசிக்கிற வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்சுகளுக்கான நிரல். இன்றைக்கு யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் நர்சின் போனுக்கு அது வரிசை அனுப்பும். அதில் நகலுக்கு ஒரு சின்ன வேலை வந்தது. இனிமேல் நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்களை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதே வாரம் குழுவில் வேறொருவனுக்கு வேறொரு வேலை. வீடு மாறியவர்களை எடுத்துவிடாமல், பெயருக்குப் பக்கத்தில் ‘முகவரி கேட்கவும்’ என்று போட்டு, நர்ஸ் போன் செய்து விசாரிக்கும்படி வைக்க வேண்டும். இரண்டு பேரும் கை வைத்தது ஒரே நாலைந்து வரியில். மற்றவன் முந்திக்கொண்டான். நகல் வெள்ளிக்கிழமை தன் வேலையை முடித்து, காப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் அசையாமல் உட்கார்ந்திருந்ததை மனைவி பார்த்தாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“ரீபேஸ் பண்ணிக் குடுன்னு மெயில் வந்திருக்கு. நாளைக்குக் காலைல வேணுமாம்.”

ரீபேஸ் என்பது, ஒருவன் செய்த மாற்றத்தை அது கிளம்பிய இடத்திலிருந்து கழற்றி, அதற்குள் மற்றவர்கள் செய்து முடித்ததற்கு மேலே கொண்டுபோய்ப் பொருத்துவது. பொருத்துகிற இடத்தில் இரண்டு பேர் திருத்தமும் இடித்துக்கொண்டால், பொருத்துகிறவர்தான் இதையும் அதையும் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

“தள்ளு. நானே என் லேப்டாப்ல இழுத்துப் பண்ணிடறேன். நீ பாப்பாவக் கூட்டிட்டுப் போய் முடி வெட்டிட்டு வா. கண்ல விழுது அவளுக்கு.”

அவன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். சலூனில் ஏகக் கூட்டம். திரும்பி வந்தபோது மனைவி வேலையை முடித்துவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “ஆச்சு. பழசத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எறக்கிக்க” என்றாள். அவன் இறக்கிக்கொண்டான். பிரித்துப் பார்க்கவில்லை. டாக்டரம்மா கட்டிய கட்டைப் பிரித்துப் பார்க்க அவன் யார்?

திங்கட்கிழமை அது மற்றதோடு சேர்ந்தது. சரிபார்க்க வேண்டிய இருவர் மேலாகப் பார்த்துவிட்டு ஓகே போட்டார்கள். மறுநாளிலிருந்து நர்சுகளின் போனில் புதிய வரிசை வந்தது.

பெரியவர் ஒருவர். மூன்றாவது மாடியில் முப்பது வருடமாகக் குடியிருந்தவர். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று அதே கட்டடத்தில் தரைத் தளத்துக்கு வீடு மாறினார். கதவு எண்தான் மாறியது. தெரு அதே தெரு, கட்டடம் அதே கட்டடம். ஆனாலும் நிரலைப் பொறுத்தவரைக்கும் அவர் வீடு மாறியவர். வீடு மாறியவர்களை விசாரிக்கச் சொல்லியிருந்த நிரல், இப்போது அவர்களைச் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டது. வாரம் மூன்று தடவை வந்து சர்க்கரைக்கு ஊசி போட்டுவிட்டுப் போகும் நர்ஸ், வரிசையில் பெயர் இல்லாததால், பெரியவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டார். நர்ஸ் வராமல் ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகுதான், பெரியவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் போய்விட்டது.

செய்தி வந்த காலையில் மேனேஜர் குழு மொத்தத்தையும் கூட்ட அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். எந்த மாற்றத்தில் இது நுழைந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கமிட்டுகளோ நூற்றுக்கணக்கில் கிடந்தன. அதற்கும் ஒரு வித்தை உண்டு, பைசெக்ட் என்று பெயர். எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு நாளையும், கெட்டுப்போன இன்றைய நாளையும் அதனிடம் காட்டினால் போதும். நடுவில் இருக்கிற கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தி, இங்கே சரியா தப்பா என்று கேட்கும். பதிலைச் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நடுவில் போய் நிற்கும். பாதியில் பாதியாகக் குறைத்துக் குறைத்து ஒரே ஒரு கமிட்டில் வந்து கையை வைக்கும். அந்த அறையில் அதைச் செய்யத் தெரிந்தவள் டாக்டரம்மா ஒருத்திதான்.

அவளுடைய லேப்டாப் பெரிய திரையில் தெரிந்தது. சரி. தப்பு. சரி. சரி. தப்பு. கடைசியில் திரையில் ஒரு கமிட் நின்றது. அதன் கீழே எழுதியவர் என்ற இடத்தில் நகலின் சொந்தப் பெயர், யாரும் கூப்பிடாத அந்தப் பெயர். தேதி அந்த வெள்ளிக்கிழமை.

மேனேஜர், “இதானா?” என்றார்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, “இதுதான்” என்றாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னால் அவளுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று அவன் அந்த நேரத்திலும் அவளுக்காகத்தான் வருத்தப்பட்டான்.

கம்பெனிக்கு ஒரு தலை உருள வேண்டியிருந்தது. ஓகே போட்ட இருவருக்கும் எச்சரிக்கை. நகலை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும்போது மேனேஜர், “அந்தப் பெரியவரோட பொண்ணு, இத எழுதினவரப் பாக்கணும்னு கேக்கறாங்க. நீங்க பாக்க வேணாம். சட்டப் பிரச்சினை வரும்” என்றார். நகல் அந்த அம்மாவின் போன் நம்பரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டானே தவிர, பேசத் தைரியம் வரவில்லை. ஏழெட்டு மாதம் அந்த நம்பர் போனில் தூங்கியது.

அந்த ஏழெட்டு மாதத்தைப் பற்றி என்ன சொல்வது? மனிதன் செத்துக்கொண்டே நடமாடினான். காலையில் மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு வீட்டில் தனியாக இருப்பான். கையில் தடியோடு யாராவது எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். தன் கையின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பான், மறுபடியும் வந்து பார்ப்பான். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவனிடம் மகள், “அப்பா, பூட்டியாச்சுப்பா” என்பாள். அது அவனுக்குப் போதாது, திரும்பவும் இழுப்பான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த வெள்ளிக்கிழமையை அவன் திரும்பத் திரும்பத் தோண்டியதுதான். நானா எழுதினேன்? எழுதும்போது எங்கே போயிற்று என் புத்தி? தோண்டத் தோண்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் கிடைத்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று. பேசிக்கொண்டே தட்டினான். அப்போதுதான் வரி மாறியிருக்க வேண்டும். நாள் ஆக ஆக அது அவனுக்குப் படம் போலத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொன்னான்.

“பாப்பா ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சுல்ல, அப்பதான் நான் அதத் தப்பாப் போட்டிருக்கேன். இப்ப நல்லா ஞாபகம் வருது.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, “இருக்கலாம்” என்றாள்.

வேலை தேடவும் செய்தான். போன இடத்திலெல்லாம் கிட்டில்தான் வந்து நின்றார்கள். ரீபேஸ் தெரியுமா, பைசெக்ட் தெரியுமா, சரித்திரத்தைத் திருத்தி எழுதத் தெரியுமா? மூன்று கட்டளைகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் முன்னால் முழிப்பது? மனைவிதான் ஒரு இணைய வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டாள். தேர்ந்தவர்களுக்கான வகுப்பு. வீடியோவில் ஒரு சின்னப் பையன், வயது இருபத்தைந்துகூட இருக்காது, எல்லாம் தண்ணி பட்ட பாடு என்பது போலப் பேசினான். நகல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குறிப்பு எடுத்துக்கொண்டான். சும்மா சொல்லக் கூடாது, உழைத்தான். பயந்து பயந்து தொட்ட கட்டளைகள் மெல்ல மெல்லக் கைக்கு வந்தன. அந்தச் சின்ன வெற்றி கொடுத்த தெம்பில்தான் ஒரு நாள் பெரியவரின் மகளுக்குப் போன் செய்தான். அந்த அம்மா அதிகம் பேசவில்லை. “சனிக்கிழமை அப்பா வீட்டக் காலி பண்ண வரேன். அங்க வாங்க” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் வகுப்பில் ஒரு பயிற்சி. பல பேர் கை வைத்த ஒரு நிஜமான நிரலை எடுத்து, அதன் சரித்திரத்தை முழு வடிவில் காட்டச் சொன்னான் வீடியோ பையன். நிஜமான நிரலுக்கு நகல் எங்கே போவான்? மேஜை டிராயரில் பென் டிரைவ் கிடந்தது. கம்பெனி நிரலை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கம்பெனியே தன்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிறகு என்ன குற்றம்! இத்தனை மாதமாக அதைச் செருக அவனுக்குத் தெம்பு இருந்ததில்லை. அன்று செருகி, வேலை போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எடுத்த காப்பியைத் திறந்தான்.

வீடியோவில் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். “ஒரு கமிட்ல ரெண்டு பேர் இருக்கும். பல பேருக்கு இது தெரியாது. ஒண்ணு, அத மொதல்ல எழுதினவர். இன்னொண்ணு, இப்ப இருக்கற வடிவத்துல அதப் பதிச்சவர். பெரும்பாலும் ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கும். ஆனா ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் ரீபேஸ் பண்ணினா, எழுதினவர் பேர் அப்படியே நிக்கும், ரெண்டாவது பேர் மாறிடும். சாதாரணமாப் பாத்தா மொதப் பேர்தான் தெரியும். முழுசாப் பாக்கணும்னா இந்தக் கட்டளை.”

நகல் கட்டளையை அடித்தான். மளமளவென்று கமிட்டுகள் ஓடி நின்றன. அவன் கை தானாக அந்த ஒரு கமிட்டைத் தேடிப் போயிற்று. எழுதியவர், அவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதித்தவர், அவன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் மகளோடு சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்.

அவன் வீடியோவை நிறுத்தினான். பென் டிரைவில், ரீபேஸுக்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமை எடுத்த ‘நிஜமாவே கடைசி’ இருந்தது. அதையும் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவன் எழுதியதில் வீடு மாறியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வேண்டாம் என்றவர்களை மட்டும் எடுத்திருந்தான், சொன்னபடி, ஒழுங்காக. ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் வரியும் இடித்துக்கொண்ட இடத்தில், மற்றவனுடைய பாதியை இவனுடைய பாதியோடு ஒட்டும்போதுதான் அது கெட்டிருந்தது. அவசரத்தில் பண்ணியிருக்கிறாள். துணி காயப்போடுகிற அவசரம்.

முதலில் அவனுக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கக்கேடான சந்தோஷம். நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னான், காலி வீட்டில். நாற்காலியிலிருந்து எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். முகத்தைக் கழுவினான். பிறகுதான் மற்றது உறைத்தது. பைசெக்ட் செய்தவள் அவள். இரண்டாவது பெயர் என்று ஒன்று இருக்கிறதென்று அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் போன் கதையை அவன் சொன்னபோது அவள் சொன்ன அந்த ‘இருக்கலாம்’ நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாட ஓடியதும் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. நின்றபடியே பார்த்தாள்.

“அன்னிக்கே தெரியுமா?” என்றான்.

“தெரியும்.”

“எப்போ?”

“ஸ்கிரீன்ல வந்த உடனே. ஞாயித்துக்கிழமை நான் பண்ணினதுதானேன்னு.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். வரல. மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள ஒன்னப் போகச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது இருக்கணும்ல. என்னது போனா வீட்டுக் கடனக் கட்ட முடியுமா? நீயே சொல்லு.”

அவள் சொன்ன கணக்கில் தப்பில்லை. அதுதான் அவனை இன்னும் நொறுக்கியது.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நானே நான்தான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். வேலதானே. ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

“வேலயக் குடுத்திருப்ப,” என்றாள் அவள். “அந்த மனுஷர?”

அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல். “உங்கிட்டச் சொல்லியிருந்தா, வேல போனது நீயா இருந்தாலும், அவரக் கொன்னது நான்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும். தெனம் நீ என்னப் பாக்கும்போது தெரிஞ்சிருக்கும். என்னால முடியாதுன்னு தோணுச்சு. நீ தாங்கிடுவன்னு நெனச்சேன்.”

“தாங்கினேனா?”

அவன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்ததை எல்லாம் பார்த்தவள்தானே, என்ன சொல்வாள்? பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவன் இளைத்ததைப் பார்த்தாள், ஆள் மாறியதைப் பார்த்தாள், வகுப்புக்குப் பணம் கட்டினாள். அந்த வகுப்பில் இது ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் மனதில் அதுவும் ஓடியது. கேட்கவில்லை. கேட்டு அவள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒன்றுதான்.

“இப்ப என்ன பண்ணப் போற?” என்றாள்.

“என்ன பண்ண முடியும்? உன் வேலயும் போயி, பாப்பாவ எங்க கொண்டுபோய் நிறுத்தறது?” பென் டிரைவை உருவி டிராயரில் போட்டான். “சனிக்கிழமை அந்தம்மாவப் பாக்க வரேன்னு சொல்லியிருக்கேன்.”

“போவியா?”

“வரேன்னு சொல்லியாச்சு. எழுதினவரப் பாக்கணும்னுதானே கேட்டாங்க.”

“நானும் வரேன். உள்ள வரல. வெளிய நிக்கறேன்” என்றாள்.

சனிக்கிழமை காலையில் மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு அவள் காரை ஓட்டினாள். நாலு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அவள் காரை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். அவன் இறங்கிப் போனான்.

தரைத் தளத்தில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள், சுருட்டிக் கட்டிய மெத்தை, கழற்றி வைத்த அலமாரிப் பலகைகள். வீடு மாறி வந்து முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை போலிருக்கிறது. சில பெட்டிகளில் பழைய ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. பெரியவரின் மகள் ஐம்பது வயதுக்காரர். வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெட்டியைக் காட்டி, “உக்காருங்க. நாற்காலியெல்லாம் ஏத்தியாச்சு” என்றார்.

அவன் உட்காரவில்லை. “நான்தாங்க எழுதினது” என்றான்.

நாக்கு குழறவில்லை. வீடு மாறியவர்களை எப்படி விசாரிக்க வேண்டியிருந்தது, அதற்குப் பதிலாக எப்படி எடுத்துப் போட்டது என்று எளிமையாகச் சொன்னான். எப்படி நடந்தது என்று அந்த அம்மா கேட்டார். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததைச் சொன்னான், மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னதை, பேசிக்கொண்டே தட்டியதை. பொய் என்று இரண்டு நாளாகத் தெரிந்திருந்தும் அது அவன் வாயில் உண்மை போலவே வந்தது. சொல்லும்போது அழுதான். எதற்கு அழுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த அம்மா அழவில்லை. பெட்டி மேல் கிடந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் அவருக்கு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவேன்,” என்றார். “அந்த வாரம் பண்ணல. கடையில கணக்கு எடுக்கற வேல. அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். நர்ஸ்தான் போவாங்களேன்னு. நர்ஸ் என்னடான்னா நான் கூட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சிருக்காங்க.” அவனை நேராகப் பார்த்தார். “உங்களப் பாத்து நல்லாத் திட்டணும்னுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். என்ன திட்டணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். எவ்வளவு பேர் இதுல கை வெச்சிருப்பாங்க, யாராவது வந்தாங்களா? நீங்க வந்தீங்க. ஒங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. நெஜமாத்தான் சொல்றேன். மனசுல போட்டு வெச்சுக்காதீங்க. ஒங்களுக்கும் கொழந்த இருக்கு. போய் நிம்மதியாத் தூங்குங்க.”

அவன் கையைக் கூப்பினான். எத்தனை மாதம் இந்த வார்த்தைக்காக அவன் காத்துக் கிடந்தான்! வியாழக்கிழமைக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவருடைய காலில் விழுந்திருப்பான், எழுந்து வேறு மனிதனாக வீட்டுக்குப் போயிருப்பான். இப்போது அது அவன் மேல் ஒட்டவில்லை. வேறொருவருக்கு வந்ததைத் தெரியாமல் வாங்கிக்கொண்டது போல அவனிடம் நின்றது. அவன் இரண்டு பெட்டிகளை லாரி வரைக்கும் தூக்கிக் கொடுத்தான். அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார்.

கார் கண்ணாடிக்குப் பின்னால் அவன் மனைவி கட்டடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. இத்தனை நாளும் அவளுக்கும் தூக்கம் இருந்திருக்காது என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. உள்ளே கேட்டது முழுவதும் அவன் நாக்கு நுனியில் இருந்தது. அது அவளுடையது. நாலு வார்த்தையில் கொடுத்துவிடலாம்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

அவன் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

“மன்னிக்க முடியாதுன்னுட்டாங்க,” என்றான். “எழுதினது யாரா இருந்தாலும் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்னாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். அப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்தவள் போல இரண்டு தடவை ஆட்டினாள். பிறகு, நீச்சல் வகுப்பு முடிகிற நேரமாயிற்று, பாப்பா வாசலில் நின்றுகொண்டிருப்பாள் என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.